வாசல்வரை வந்த வேகம் மாடி ஏறாதது ஏன்?

தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளத்தில் புதிதாகப் பால் காய்ச்சிய வீடு எதற்குள் போனாலும் ஒரு காட்சி தவறாது. வாசல் கிரில்லுக்கு மேலே ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டு, ஒல்லியான கறுப்பு வயர் ஒன்று உள்ளே இறங்கியிருக்கும். அது முடிகிற இடத்தில் ஆணியில் தொங்குகிறது ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் பக்கத்தில் நின்று செல்போனில் வேகம் பார்த்தால், கட்டணத்தில் சொன்ன 100 எம்பிபிஎஸ் அப்படியே வருகிறது. மாடி ஏறிப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் மகனை வீடியோ காலில் கூப்பிட்டால், அவன் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. குரல் முன்னால் வருகிறது, வாய் பின்னால் அசைகிறது.

உடனே கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் பறக்கும். அவர் வந்து, பெட்டியை அணைத்துப் போட்டு, “இங்க நல்லாத்தானே வருது” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது பொய்யில்லை. கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு அப்பால்தான் இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டில் அந்த வேகம் நடந்து போக ஒரு பாதையை யாரும் விட்டுவைக்கவில்லை.

இந்தத் தூத்துக்குடிக் கரைக்கு இணையம் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், பெட்டியிலிருந்து மாடிவரையான இந்தக் கடைசி நாற்பது அடியின் கதை இன்னும் விநோதமாகத் தெரியும். 2004-ல் மத்திய அரசு வகுத்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. மறு வருடம் பிஎஸ்என்எல் அதைத் தொலைபேசிக் கம்பியிலேயே அனுப்பத் தொடங்கியது. 2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையில், மன்னார் வளைகுடாவின் அடியில், பாரத் லங்கா என்ற கண்ணாடி இழைக் கேபிள் 300 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் செயல்பாட்டுக்கு வந்தது. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த அதே கடல்தான். 2011-ல் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் தேசியத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்று பாரத்நெட் என்று அழைக்கப்படும் அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் அடக்கம். இன்னொரு பக்கம், ஊரில் கேபிள் டிவி நடத்தியவர்களே பைபர் இணைப்பும் கொடுக்கிறவர்களாக மாறினார்கள். 2023-ல் பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட் ஆக உயர்ந்தபோது, வைப்பாற்றங்கரை வீடுகளிலேயே அதைப்போல ஐம்பது மடங்கு வேகத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

கடலைத் தாண்டி, கரிசல் காட்டைத் தாண்டி, மின்கம்பம் மின்கம்பமாகத் தொங்கி வந்த ஒளி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் முட்டி நிற்கிறது.

சுவர் தின்னும் சிக்னல்

வைஃபை ரேடியோ அலை. சுவரைத் தாண்டும்போது அதன் சக்தி குறையும். 10 டெசிபல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படி இரண்டு சுவர் குறுக்கே வந்தால் நூறில் ஒரு பங்கு. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இன்னும் மோசம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், ஆனால் அங்கே கூட்டம் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த அலைவரிசையில்தான் முண்டுகின்றன. வேகம் கொடுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ், சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஓட்டு வீட்டிலும் பனையோலைக் கூரையிலும் இந்தச் சிக்கல் கிடையாது. கான்கிரீட் தளம், இரும்பு கிரில், பீரோ, மாடிப்படிக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி என்று வசதி கூடக்கூட அலைக்குக் கஷ்டம் கூடுகிறது.

இதற்கு ஊரில் பொதுவாக இரண்டு வைத்தியம் செய்கிறார்கள். நாலு ஆன்டெனா வைத்த விலை கூடிய ரவுட்டர் வாங்குவது ஒன்று. ரிப்பீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைப் பாதி வழியில் பிளக்கில் செருகுவது இன்னொன்று. முன்னதால் பெரிய பயன் கிடையாது. ரவுட்டர் கத்தினாலும் செல்போன் பதில் சொல்ல வேண்டுமே, அதன் குரல் சின்னது. பின்னதில், சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டுத் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கம்பி போட்டு மாடியில் ஒரு வைஃபை பெட்டி வைப்பதுதான் நேர்வழி. வைஃபை நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகவே வயர் போட வேண்டியிருக்கிறது என்பதைப் பலருக்கும் நம்பவைப்பது கடினம்.

“வைஃபை காலத்துல வயர் எதுக்கு அண்ணாச்சி, தெண்டச் செலவு?” என்று எலக்ட்ரீசியன் கேட்பார். மின்சார வேலையில் கை தேர்ந்தவர். ஃபேனுக்கு, ஏசிக்கு, மோட்டாருக்கு எங்கே எத்தனை பாயின்ட் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நெட்வொர்க் பாயின்ட் என்பது மட்டும் அவருடைய எஸ்டிமேட்டில் வராது. டிவிக்கு ஒரு டிஷ் வயர், வாசலுக்கு ஒரு கேமரா வயர், அத்தோடு சரி. சொல்லப்போனால் இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த நெட்வொர்க் கேபிள், சிசிடிவி கேமராவுக்காக வந்ததுதான். கேமரா மாட்டுகிறவர் கொண்டுவந்த அந்த வயரில்தான் அடுத்த வில்லங்கம் இருக்கிறது.

தாமிரமா, பூச்சா?

கடையில் கேட்-6 நெட்வொர்க் கேபிள் என்று கேட்டால் 305 மீட்டர் சுருள் அடங்கிய அட்டைப் பெட்டி வரும். ஆயிரம் அடி என்ற பழைய கணக்குதான் இந்த 305. ஒரே அளவு, ஒரே நீல நிறம், இரண்டு பெட்டிகள். ஒன்று மற்றதைவிடப் பாதி விலைக்கும் குறைவு. வித்தியாசம் உள்ளே இருக்கும் உலோகத்தில். மலிவான பெட்டியில் இருப்பது சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய தாமிரப் பூச்சு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கு போதும். கேட்-6 கேபிளில் எட்டுக் கம்பி. 23 கேஜ் என்றால் ஒவ்வொன்றின் குறுக்குப் பரப்பு சுமார் 0.26 சதுர மில்லிமீட்டர். 305 மீட்டருக்குப் பெருக்கி, தாமிரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. பிளாஸ்டிக் உறை தனி. தாமிரம் கிலோ 800 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் உள்ளே இருக்கும் உலோகத்துக்கே நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிறது. மூவாயிரம் ரூபாய்க்கு ஒருவர் முழுப் பெட்டி தருகிறார் என்றால், ஒன்று அவர் தர்மவான். அல்லது உள்ளே தாமிரம் கிடையாது. அதே நீளத்துக்கு சிசிஏவில் உலோகம் இரண்டு கிலோ சொச்சம்தான் தேறும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரம் என்றால் வேறு நினைவுகளும் வரும். ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட ஸ்டெர்லைட் உருக்காலை, 2018 மே 22, 23 தேதிகளில் போராட்டத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு, அதே மாதம் 28-ம் தேதி அரசாணையால் மூடப்பட்டது. திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும் நாடானது. அந்த ஆலை இருந்திருக்க வேண்டுமா என்பது இந்தக் கட்டுரையின் வழக்கு இல்லை. தாமிரம் விலை கூடிய பொருள், விலை கூடிய பொருளில் கலப்படம் வரும் என்பது மட்டும் இங்கே தேவையான சேதி.

அலுமினியம் கலந்தால் என்ன கெட்டுவிடும்? அதன் மின்தடை தாமிரத்தைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். கேபிள் ஓடும் தூரம் குறைவு என்றால் டேட்டா எப்படியோ போய்ச் சேரும். ஆனால் இன்று கேமராவுக்கும் மாடி வைஃபை பெட்டிக்கும் அதே வயரில் மின்சாரத்தையும் அனுப்புகிறோம். பிஓஇ எனப்படும் இந்த முறைக்கு 2003-ல் வந்த முதல் தரம் 15.4 வாட் வரை அனுமதித்தது. 2009-ல் 30 வாட் ஆனது. அலுமினியக் கம்பியில் அந்த மின்சாரத்தில் கூடுதல் பங்கு வழியிலேயே சூடாக வீணாகிறது. மொட்டைமாடிக் கேமரா பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? ராத்திரியில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். கம்பியால் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை. கேமராவை மாற்றுவார்கள், அடாப்டரை மாற்றுவார்கள், வயரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அலுமினியம் சீக்கிரம் ஒடியும் என்பது இன்னொரு தொல்லை. சாக்கெட்டில் இரண்டு முறை மாட்டிக் கழற்றினால் மூன்றாவது முறை கம்பி கையோடு வரும். கேட்-5இ, கேட்-6 என்று தரம் வகுத்த எந்த விதியும் சிசிஏவை ஏற்றுக்கொண்டதில்லை. பெட்டியில் கேட்-6 என்று அச்சடித்திருப்பது கடைக்காரரின் தைரியம்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள் உண்டு. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியக் கூடாது. காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது இரும்பின் மேல் பூச்சு, சிசிஏவைவிடக் கேவலம். வயர் இழுத்த பிறகு சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் போதும். 30 மீட்டர் ஓட்டத்தின் ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கி இணைத்து, மறுமுனையில் அளந்தால் 23 கேஜ் தாமிரத்துக்கு 4 ஓம் பக்கம் வரும். சிசிஏ என்றால் 6-ஐத் தாண்டும். உறையின் மேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். தொடக்க எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்துப் பார்த்தால் 305 மீட்டர் முழுசாக இருந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

எட்டு வேண்டாம், ஆறு போதும்

உலோகம் சரியாக இருந்தால் எந்த நம்பர் என்பது அவ்வளவு பெரிய கேள்வி கிடையாது. ஆன்லைனில் கேட்-7, கேட்-8 என்று பளபளப்பான பெயர்கள் மிரட்டும். கேட்-8 டேட்டா சென்டருக்குள் 30 மீட்டர் தூரத்துக்காக வகுத்த கேபிள். கேட்-7-ஐ அமெரிக்கத் தர அமைப்பு அங்கீகரிக்கவே இல்லை. 1999-ல் வந்த ஜிகாபிட் தரம் கேட்-5 வகைக் கம்பியிலேயே 100 மீட்டர் ஓடும்படி வடிவமைத்தது. 2016-ல் அதே கேட்-5இ கம்பியில் 2.5 ஜிகாபிட் அனுப்பவும் வழி பிறந்துவிட்டது. கேட்-6 என்றால் சுமார் 37 மீட்டர்வரை நெருக்கமாகக் கட்டிய நிலையிலும், நல்ல சூழலில் 55 மீட்டர்வரையும் 10 ஜிகாபிட் தாங்கும். மூன்று சென்ட் மனையில் கீழும் மேலுமாகக் கட்டிய வீட்டில் எந்த ஓட்டமும் 30 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆக, முழுத் தாமிரத்தில், உறைக்கவசம் இல்லாத சாதாரண கேட்-6. அதற்கு மேல் போகும் பணத்தைப் பைப்பில் போடுவது புத்திசாலித்தனம். கேட்-6ஏ கெட்ட பொருள் இல்லை; ஆனால் தடிமன், விறைப்பு, சுவிட்ச் பாக்ஸுக்குள் மடங்க மறுக்கும்.

கேபிளை வெட்டினால் உள்ளே நாலு ஜோடி, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முறுக்கில் இருக்கும். இந்த முறுக்குதான் உயிர். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-ல் காப்புரிமை வாங்கிய யுக்தி இது. பக்கத்தில் ஓடும் மின்வயர் எழுப்பும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் சமமாக விழும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் தானே கழிந்துவிடும். சாக்கெட்டில் மாட்டும்போது வசதிக்காக முறுக்கை நீளமாகப் பிரித்துவிட்டால் அத்தனையும் போச்சு. 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது தரவிதி, சுண்டுவிரல் நகத்தளவு.

நிறவரிசையும் அப்படித்தான். டி568பி முறையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் ஏன் மூன்றாவதிலும் ஆறாவதிலும் பிரிந்து நிற்கிறது? நடுவில் உள்ள நாலும் ஐந்தும் பழைய தொலைபேசிக்கான இடம். அதை விட்டுக்கொடுத்து வகுத்த வரிசை. புரியாதவர்கள் “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்” என்று வாய்க்கு வந்த வரிசையில் அடித்துவிடுகிறார்கள். வரிசையாக விளக்கு எரியும் மலிவு டெஸ்டரும் சரி என்றே காட்டும், ஏனென்றால் கம்பி முனைக்கு முனை தொடர்கிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். ஜோடி கலைந்திருப்பது அதற்குத் தெரியாது. கடைசி சாட்சி கணினிதான்: இணைப்பு வேகம் 1 ஜிகாபிட் என்று வரவேண்டும். 100 என்று வந்தால் எட்டில் ஏதோ ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது, அல்லது வேலையைச் சுருக்க நாலு கம்பியை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 300 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன் வாங்கி 95-க்கு மேல் பார்க்காத வீடுகளில் முதலில் சோதிக்க வேண்டியது இதை.

சென்ட்ரிங் பலகைக்கு மேலே

கம்பியைவிட முக்கியம் அது போகும் குழாய். இன்று போடும் கம்பி பதினைந்து வருடத்தில் பழசாகலாம். குழாய் இருந்தால் பழைய கம்பியின் வாலில் புதுக் கம்பியைக் கட்டி இழுத்துவிடலாம். குழாய் இல்லாமல் பூச்சுக்குள் புதைத்த கம்பி, கெட்டால் சமாதிதான்.

இதற்கான நேரம் ஒன்றே ஒன்று: தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டும் முன். எலக்ட்ரீசியன் ஃபேன் பாக்ஸ் வைத்து பைப் ஓட்டும் அந்த ஒரு நாளில், நெட்வொர்க்குக்கென்று தனி பைப் ஓட்டச் சொல்லிவிட வேண்டும். மின்வயர் போகும் பைப்பிலேயே சேர்த்து நுழைக்கக் கூடாது. 230 வோல்ட் வயரின் காப்பு ஓர் இடத்தில் உரிந்தால் ரவுட்டரோடு முடியாது, கம்ப்யூட்டரைத் தொட்ட கைக்கும் ஆபத்து. இணையாக ஓடினால் ஓர் அடி இடைவெளி நல்லது. குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

முக்கால் இன்ச் பைப்பில் மூன்று கேட்-6, ஒரு இன்ச் பைப்பில் ஐந்து. அதற்கு மேல் திணித்தால் இழுக்கும்போது உறை உரியும். கேபிளை 110 நியூட்டனுக்கு மேல், அதாவது பதினொரு கிலோ எடைக்கு மேல், இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து கால் உதைத்து இழுக்கும் நம்மூர்ப் பாணியில் உள்ளே ஜோடிகளின் முறுக்கு நெகிழ்ந்துவிடும். ஓர் ஓட்டத்தில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். எல்போ வேண்டாம், நீள வளைவுள்ள பெண்டு போடுங்கள் என்று சொல்லிவிடுவது உத்தமம். பைப் ஓட்டியதும் உள்ளே ஒரு கட்டுக்கம்பியைச் செருகி இரண்டு முனையிலும் மடக்கிவைத்தால் பிறகு கேபிள் இழுக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எல்லா ஓட்டமும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஹாலின் மூலை, படிக்கட்டுப் பக்கச் சுவர், எதுவானாலும் வீட்டின் நடுப்பகுதி. பிளக் பாயின்ட் பக்கத்தில். தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இந்த மாவட்டத்தில் தரையோடு தரையாக இருந்த எதுவும் தப்பவில்லை. படிக்கட்டுக்கு அடியில் பெட்டி வைக்கச் சொல்பவர்களிடம் அதை நினைவுபடுத்தலாம்.

வெளியிலிருந்து வரும் பைபருக்கும் வாசலிலிருந்து அந்த இடம்வரை ஒரு வெற்று பைப் விட்டுவைக்க வேண்டும். பாதிக்குப் பாதி சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர் எங்கே சுலபமோ அங்கே பெட்டியை மாட்டுவார். பைப் இருந்தால் பைபரை நடுவீடுவரை கொண்டுவருவார். கண்ணாடி இழை என்பதால் மடக்கவே கூடாது என்று பயப்படத் தேவையில்லை. வீடுகளுக்கென்று வந்த இழைகள் 10 மில்லிமீட்டர், அதற்கும் சற்றுக் குறைந்த ஆரம்வரை வளைவைத் தாங்கும். நெளிந்து மடிந்தால்தான் போச்சு.

எத்தனை பாயின்ட்? டிவிக்குப் பின்னால் இரண்டு, படிப்பு மேசைக்கு இரண்டு, மாடி ஹாலின் மேற்கூரையில் வைஃபை பெட்டிக்கு ஒன்று, மாடி அறைக்கு ஒன்று, வாசல், கொல்லை, மொட்டைமாடி கேமராக்களுக்கு ஒவ்வொன்று. சராசரி 15 மீட்டர் என்று வைத்தாலும் ஒன்பது ஓட்டத்துக்கு 135 மீட்டர். பெட்டியில் பாதிகூடத் தீராது. அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடு கட்டினால் ஒரே பெட்டியைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். மாடுலர் சுவிட்ச் செய்யும் கம்பெனிகள் பலவும் நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே 45 சாக்கெட்டும் விற்கின்றன. அதே பிளேட்டில் பொருந்தும். சுவரிலிருந்து கேபிளை அப்படியே தொங்கவிட்டுப் பிளக் அடிப்பது கெட்ட பழக்கம். சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி அடிக்கடி வளைய ஒப்பாது. சாக்கெட்டில் முடித்து, அங்கிருந்து பல இழைக் கம்பியாலான குட்டி வயர் போட வேண்டும்.

கரிசலும் இடியும் உப்பும்

மண்ணும் ஒரு கட்சி. கரிசல் மழைக்கு ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த மண்ணில் அஸ்திவாரத்துக்கே தனிக் கவனம் வேண்டும் என்று கொத்தனார்கள் அறிவார்கள். தோட்டத்து மோட்டார் அறைக்கோ வெளிவாசல் கேமராவுக்கோ கேபிளை மண்ணில் வெறுமனே புதைத்தால், பூமி அசையும்போது கேபிளையும் இழுக்கும். குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையிலும் ஒரு சுற்று தாராளமாக விட்டுவைக்க வேண்டும். வெயிலில் ஓடும் கேபிளுக்கு வீட்டுக்குள் போடும் நீல உறை ஆகாது, சில வருடத்தில் நொறுங்கும். வெளிப்பயன்பாட்டுக்கென்று கறுப்பு பாலிஎத்திலீன் உறை போட்டது தனியாகக் கிடைக்கிறது.

பக்கத்துப் பக்கத்து வீடுகளை இணைப்பதானால் தாமிரமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி விழும்போது இரண்டு வீட்டு எர்த்துக்கும் இடையில் பெரிய மின்னழுத்த வேறுபாடு வரும். அது ஓடிவரத் தோதான பாலமாகத் தாமிரக் கேபிள் அமைந்துவிடும். இரண்டு முனையிலும் பெட்டிகள் கருகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மின் சிக்னலை ஒளியாக மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் ஒரு பைபர் துண்டும் போட்டால் விஷயம் முடிந்தது.

எர்த் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உறைக்கவசம் போட்ட கேபிளை ‘கூடுதல் பாதுகாப்பு’ என்று விற்பார்கள். கவசம் ஒழுங்காக எர்த் ஆனால்தான் பலன். ஆகாவிட்டால் இரைச்சலைப் பிடித்துத்தரும் ஆன்டெனாவாகவே அது வேலை செய்யக்கூடும். பாரம்பரிய எர்த் குழியில் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுவார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஊர் விளாத்திகுளம், உப்புக்குத் தூத்துக்குடி. இரண்டும் விளைகிற மாவட்டத்திலேயே எர்த் குழி வறண்டு, கம்பி துருப்பிடித்துக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ! எர்த் சரியில்லாத வீட்டில் கவசக் கேபிளுக்குக் காசு கொடுப்பது வீண்.

வேம்பார், சிப்பிகுளம், கீழவைப்பார் என்று கடலோரத்துக்குப் போனால் இன்னொரு எதிரி. உப்புக்காற்று சாக்கெட்டின் உள்முள்ளில் களிம்பு ஏற்றும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய இணைப்பு திடீரென்று 100-க்கு இறங்கும், பிளக்கைக் கழற்றி மாட்டினால் சரியாகும், பிறகு மறுபடி இறங்கும். அங்கே தங்க முலாம் கனமான சாக்கெட்டும், வெளியில் மூடி உள்ள பெட்டியும், கேமரா முனையில் தண்ணீர் புகாத இணைப்பும் வீண் செலவல்ல. வெளியே தொங்கும் கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே இறங்கி ஏற வேண்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கம்பி வழியே உள்ளே ஓடாது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்காரர்கள் சுவரில் காடி எடுக்க நினைக்கும் முன் வேறு வழிகளைப் பார்க்கலாம். பழைய தொலைபேசி பைப், டிஷ் வயர் போன பைப் காலியாக இருந்தால் அதிலேயே கேட்-6 இழுக்கலாம். படிக்கட்டுச் சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடிக்கலாம். அழகு கொஞ்சம் குறையும், வேகம் குறையாது. மாடிக்கு ஒரே ஒரு கம்பி ஏறினாலும் போதும், அந்த முனையில் ஒரு வைஃபை பெட்டியும் சின்ன நெட்வொர்க் ஸ்விட்சும் வைத்து மாடி முழுதையும் சமாளிக்கலாம். நடுப்பெட்டியில் பிஓஇ ஸ்விட்ச் வைத்து அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால், கரண்ட் போனாலும் கேமராவும் மாடி வைஃபையும் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடாப்டர் தேடி அலைய வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியதில் பலரும் விட்டுவிடுவது இரண்டு. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுவது ஒன்று. ஒன்பது நீல வால்கள் ஒரு பெட்டியில் தொங்கும்போது எது எந்த அறை என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும். பூச்சு பூசுவதற்கு முந்தைய நாள், சுவரில் டேப் பிடித்துக்காட்டி, பைப் போகும் உயரமும் தூரமும் தெரிய ஒவ்வொரு அறையையும் செல்போனில் படம் எடுத்துவைப்பது மற்றொன்று. இரண்டு வருடம் கழித்து ஏசி மாட்ட வருகிறவர் டிரில்லைச் சுவரில் வைத்துக்கொண்டு, “இந்த இடத்துல உள்ள எதும் ஓடுதா அண்ணாச்சி?” என்று கேட்கும்போது, அந்தப் படத்தை எடுத்துக் காட்டினால் போதும்.